அண்ணனைப் பட்டினி போட வேண்டாம்

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 58. கணையப் புற்றுநோய் வந்து கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்று நான்கு மாதங்களுக்கு முன் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் மூன்று வாரம் ஊசி, ஒரு வாரம் ஓய்வு என்ற கணக்கில் கீமோ நடக்கிறது. 61 கிலோ இருந்தவர் இப்போது 52 கிலோதான் இருக்கிறார். சர்க்கரைக்கு இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். பட்டினி கிடந்தால் உடம்பின் செல்கள் தமக்குள் இருக்கும் கெட்டதைத் தாமே தின்று தீர்த்துவிடும், அதோடு புற்றும் போய்விடும், இதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, வாரத்தில் இரண்டு நாள் வெறும் தண்ணீரோடு இருக்கிறார். மதினி சொல்லிப் பார்த்து அழுகிறார்கள். என் மகனோ, இதே வேலையைச் செய்ய ஹைட்ராக்சி குளோரோகுவின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, கணையப் புற்றுக்கு அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். எங்கள் தெருவில் மைலோமா என்ற புற்றுநோய் வந்த அக்கா ஒருவருக்கு வாராவாரம் வயிற்றில் போடும் ஊசியும் செல்லின் கழிவு வேலையைத் தடுப்பதுதானாம். அதையாவது அண்ணனுக்குப் போடலாமா? ஐப்பசியில் சஷ்டி விரதம் வேறு வருகிறது. பல வருஷமாக விடாமல் இருப்பவர். நாங்கள் என்ன செய்ய?

— கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அடுத்து விளக்குகிறேன். அண்ணன் தண்ணீரோடு இருக்கும் அந்த இரண்டு நாள் வழக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் சாப்பிடாமல் இருப்பது, புற்றுநோயை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், அன்றைக்கே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியது. உங்கள் மகன் சொல்லும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்க வேண்டாம். இதுவரை எத்தனை நாள் பட்டினி இருந்தார், இன்சுலினை அந்த நாட்களில் எவ்வளவு போட்டுக்கொண்டார் என்பதை அடுத்த ஊசிக்குப் போகும்போது மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம். தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டம்.

இப்போது அந்தச் செய்திக்கு வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் படித்தவர்களும் அதை நம்பிவிடுகிறார்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தன் பழுதான உறுப்புகளையும் தேவை முடிந்த புரதங்களையும் ஒரு சவ்வுப் பையில் சுற்றி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் கொண்டுபோய்க் கரைத்து, கிடைக்கும் அமினோ அமிலங்களையும் கொழுப்பையும் மறுபடியும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. நம் ஊரில் பழைய தொட்டிக்கட்டு வீட்டைப் பிரிக்கும்போது உத்திரத்தையும் கதவு நிலையையும் எறியாமல் புது வீட்டுக்கு எடுத்து வைப்பதைப் போன்றது இது. லைசோசோமை 1955-இல் கண்டறிந்த பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ், 1963-இல் இந்த நிகழ்வுக்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னுண்ணல், என்று பெயர் வைத்தார். அது எப்படி நடக்கிறது என்பது அதன் பிறகும் நெடுங்காலம் புரியவில்லை. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டைப் பட்டினி போட்டு, அதற்குள் சிறு பைகள் குவிவதை நுண்ணோக்கியில் பார்த்து, இந்த வேலைக்கு வேண்டிய 15 மரபணுக்களை 1990-களின் தொடக்கத்தில் பிரித்தறிந்தவர் யோஷினோரி ஓசுமி. 2016-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது இந்த இயங்குமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான். அந்தப் பரிசுக்குரிய வேலையில் புற்றுநோயாளி யாரும் இல்லை. உண்ணாவிரதம் புற்றுக்கு மருந்து என்று அது எங்கும் காட்டவில்லை.

சரி, பழுதானதைக் கரைப்பது நல்லதுதானே, அதைத் தூண்டினால் என்ன என்ற கேள்வி நியாயமானது. இதற்கான விடையில்தான் அந்தச் செய்தி வழி தவறிப்போகிறது. நல்ல செல்லில் தன்னுண்ணல் ஒரு காவல். பழுதடைந்த பகுதிகள் தேங்கி மரபணுக்களைச் சேதப்படுத்தாமல் அது பார்த்துக்கொள்கிறது. பெத் லெவின் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞரின் குழு 1999-இல் பெக்ளின்-1 என்ற தன்னுண்ணல் மரபணு கட்டி வளர்ச்சியை அடக்குவதைக் காட்டியது. அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை இழந்த எலிகளுக்குத் தாமாகவே கட்டிகள் வந்ததையும் பின்னர் கண்டார்கள். ஆனால் புற்று ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. பெருகிக்கொண்டே போகும் கட்டிக்கு ரத்தம் போதாது, பிராணவாயு போதாது, சத்தும் போதாது. அந்தப் பற்றாக்குறையில் அது சாகாமல் தாக்குப்பிடிப்பது இதே மறுசுழற்சியால்தான். கீமோ மருந்தால் அடிபட்ட புற்றுச் செல் தன் சேதத்தைச் சரிசெய்துகொள்வதற்கும் இதே வழி உதவுகிறது.

இதில் கணையப் புற்று மற்ற எல்லாவற்றையும் விட ஒரு படி மேல். மற்ற செல்கள் பட்டினியின்போது மட்டும் கூட்டிக்கொள்ளும் இந்த வேலையை, கணையப் புற்றுச் செல் வயிறு நிறைந்திருக்கும்போதும் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது என்று 2011-இல் காட்டினார்கள். கட்டியைச் சுற்றியிருக்கும் நார்த்திசுச் செல்களையும் அது தூண்டிவிட்டு, அவை தம்மைக் கரைத்து வெளியிடும் அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தன் உணவாக்கிக்கொள்கிறது. இது 2016-இல் தெரியவந்தது. 2020-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. புற்றுச் செல்லை நம் எதிர்ப்புச் செல்கள் அடையாளம் காண, அதன் மேற்பரப்பில் எம்எச்சி-1 என்ற புரதம் இருந்தாக வேண்டும். அந்தப் புரதத்தையே உள்ளே இழுத்து, லைசோசோமில் போட்டுக் கரைத்துவிட்டு, கணையப் புற்று மறைந்துகொள்கிறது. ஆகவே தன்னுண்ணல் கூடினால் புற்று கரைந்துவிடும் என்று அண்ணன் நம்புகிறாரே, அந்தத் தன்னுண்ணல்தான் இந்தப் புற்றுக்குச் சோறும் மறைவிடமும். இதனால்தான் உலகெங்கும் ஆய்வாளர்கள் அதைத் தூண்டுவதற்கு வழி தேடாமல், தடுப்பதற்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் வந்திருக்கும் இரண்டு யோசனைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதை இப்போது கவனித்திருப்பீர்கள். பட்டினி தன்னுண்ணலைத் தூண்டுவது. உங்கள் மகன் சொல்லும் ஹைட்ராக்சி குளோரோகுவின் அதைத் தடுப்பது: அந்த மாத்திரை லைசோசோமுக்குள் புகுந்து அதன் அமிலத்தன்மையைக் குறைத்துவிடுவதால், உள்ளே வந்த சரக்கு கரையாமல் தேங்கிவிடும். மலேரியாவுக்கு வந்து, இன்று மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் பெரிதும் பயன்படும் பழைய மருந்து, விலையும் குறைவு. கொரோனா காலத்தில் அதன் பெயர் நம் வீடுகளிலெல்லாம் அடிபட்டது. கிடைக்கக்கூடிய, மருத்துவர்களுக்குப் பழகிய மருந்தாக இருந்ததால்தான் புற்றுநோய் ஆய்வாளர்களும் இதையே முதலில் எடுத்தார்கள். உங்கள் மகன் தேடிப் படித்திருக்கிறான் என்பது தெரிகிறது, அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் படித்ததன் மீதிக் கதையை நான் சொல்கிறேன்.

பரவிய கணையப் புற்று உள்ள 20 பேருக்கு இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. இரண்டு மாதங்களில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். அடுத்து, இப்போது அண்ணனுக்குப் போடுவதைப் போல மூன்று வாரம் ஊசி, ஒரு வாரம் ஓய்வு என்று கொடுக்கப்படும் ஜெம்சிட்டபின், நாப்-பாக்ளிடாக்செல் கீமோவோடு இதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 112 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. மாத்திரை சேர்த்தவர்களில் 38 விழுக்காட்டினருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. சேர்க்காதவர்களில் அது 21 விழுக்காடு. இதை மட்டும் படிப்பவர் துள்ளிக் குதிக்கத்தான் செய்வார். ஆனால் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை சேர்த்தவர்களில் 41 விழுக்காடு, சேர்க்காதவர்களில் 49 விழுக்காடு. கட்டி சுருங்கியும் ஆயுள் கூடவில்லை. ரத்த வெள்ளையணுக் குறைவு, களைப்பு, பார்வைக் கோளாறு ஆகியவை மாத்திரை சேர்த்தவர்களிடம் அதிகம். மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சோடும் கீமோவோடும் சேர்த்துக் கொடுத்த ஆய்விலும் ஆயுள் கூடவில்லை. அங்கே ஒரு நாளைக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு தாங்கவில்லை, அந்த அளவில் தன்னுண்ணலும் எல்லோரிடமும் ஒழுங்காகத் தடைபடவில்லை. யோசனை தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள நான் தயாராக இல்லை. அந்த வழியை அடைக்க இந்த மாத்திரைக்கு வலு போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் வேலை வேறு திசைகளில் நடக்கிறது. கணையப் புற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கேராஸ் என்ற மரபணு பழுதாகி, வளர் வளர் என்று இடைவிடாமல் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தக் கட்டளையை மருந்தால் வெட்டினால், புற்றுச் செல் உடனே தன்னுண்ணலைப் பலமடங்கு கூட்டிக்கொண்டு தப்பித்துவிடுகிறது என்று 2019-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. இரண்டையும் ஒருசேர அடைத்தால் சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் கட்டி நன்றாக அடங்கியது. இதை மனிதரிடம் சோதிக்கும் ஆய்வுகளும், லைசோசோமைத் தொடாமல் தன்னுண்ணலின் முதல் படியிலேயே யுஎல்கே-1 என்ற புரதத்தைத் தடுக்கும் புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளும் தொடங்கிவிட்டன. இவை ஆரம்பக் கட்டத்தில் இருப்பவை. எதுவும் இன்று அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கும் நிலையில் இல்லை.

மாத்திரை எப்படியும் விலை குறைவுதானே, போட்டுப் பார்த்தால் என்ன என்று நினைக்காதீர்கள். அது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும்; நம் நாட்டில் அதைச் சர்க்கரை நோய்க்குத் துணை மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள். இன்சுலின் போடும், சரியாகச் சாப்பிடாத ஒருவருக்கு அதையும் சேர்த்தால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி நினைவு தவறலாம். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் அது ஒரு தாமதத்தை உண்டாக்கும். கீமோவோடு வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரானும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகப் போகும் ஆபத்து உண்டு. மூட்டுவாதத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுத்து, விழித்திரையைச் சோதித்துக்கொண்டே இருக்கிறோம். கணையப் புற்று ஆய்வில் கொடுத்ததோ ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம். வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய காரியம் இல்லை இது.

உங்கள் தெருவிலுள்ள அக்காவுக்குப் போடுவது போர்டிசோமிப் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், ஆனால் அது தடுப்பது வேறொரு வழி. செல்லுக்குள் புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக் கரைக்க புரோட்டியசோம் என்று தனியே ஓர் அமைப்பு இருக்கிறது. கரைக்க வேண்டிய புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் முத்திரையாக ஒட்டப்படும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மைலோமா என்பது எலும்பு மச்சையில் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் செல்லில் வரும் புற்று. அந்தச் செல் இரவு பகலாகப் புரதத்தைத் தயாரித்துத் தள்ளுவதால், சரியாக மடியாத கழிவுப் புரதமும் அதில் ஏராளம். கரைக்கும் வழியை அடைத்தால் அந்தக் கழிவிலேயே மூச்சுத் திணறி அது செத்துப்போகிறது. 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப், மைலோமாக்காரர்களின் வாழ்நாளையே மாற்றிக் காட்டிய மருந்து. செல்லின் மறுசுழற்சியைக் குறிவைத்து நடைமுறையில் வெற்றி கண்டது என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியது அதுதான். அந்த அக்காவிடம் ஊசியைத் தவறவிட வேண்டாம் என்றும், கால் விரல்களில் மரமரப்போ எரிச்சலோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றும், அக்கி வராமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையை விட்டுவிடக் கூடாது என்றும் சொல்லுங்கள். கணையப் புற்றுச் செல் அவ்வளவு புரதம் தயாரிப்பதில்லை. புரோட்டியசோமை அடைத்தால் அது தன்னுண்ணலைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். கணையப் புற்றிலும் இந்த ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. எனவே அது அண்ணனுக்கு உரியதல்ல.

பட்டினிக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்த 52 கிலோதான். கீமோவோடு உணவைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகள் இல்லாமல் இல்லை. நெதர்லாந்தில் மார்பகப் புற்று உள்ள 131 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. கட்டி ஓரளவு கூடுதலாகச் சுருங்கியது. ஆனால் அந்தப் பெண்கள் மெலிந்தவர்களும் அல்லர், சர்க்கரை நோயாளிகளும் அல்லர். மருத்துவக் கண்காணிப்பில், கணக்கிட்டுத் தயாரித்த உணவோடு ஒவ்வொரு கீமோவை ஒட்டியும் சில நாட்கள் மட்டும் குறைத்தார்கள். அப்படியும் பெரும்பாலோரால் கடைசிவரை தொடர முடியவில்லை. நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ இழந்த கணையப் புற்றுநோயாளியை அந்த ஆய்வில் சேர்த்திருக்கவே மாட்டார்கள்.

அண்ணனின் கையைப் பிடித்து, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடத்தைப் பாருங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னால் அங்கே தசை மேலெழும்ப வேண்டும். அது குழிந்திருந்தால், நெற்றிப் பொட்டும் உள்வாங்கியிருந்தால், அவர் உடம்பில் மறுசுழற்சி ஏற்கெனவே மும்முரமாக நடக்கிறது என்று பொருள். கரைந்துகொண்டிருப்பது அவருடைய தசை. புற்று உண்டாக்கும் அழற்சி, நான் மேலே சொன்ன புரோட்டியசோம், தன்னுண்ணல் என்ற அதே இரண்டு வழிகளையும் தசைக்குள் திறந்துவிடுகிறது. பட்டினி அதற்கு இன்னும் வேகம் கொடுக்கிறது. அவர் தண்ணீரோடு இருந்த நாட்களில் கட்டி கரைந்ததா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது; தொடையும் தோளும் கரைவதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். எடை குறையக் குறையக் கீமோவின் அளவைக் குறைக்க வேண்டி வரும், ஒரு கட்டத்தில் நிறுத்தவும் வேண்டி வரும்.

52 கிலோ எடைக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1300 முதல் 1560 கலோரியும், 52 முதல் 78 கிராம் வரை புரதமும் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது என்ற கணக்கில் பார்த்தால் இது எளிதாகச் சேரும் அளவு இல்லை; மூன்று வேளைச் சாப்பாட்டில் முடிக்க நினைக்காமல் ஆறு ஏழு தடவையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் உளுந்தம்பருப்புச் சோறு இதற்கு நல்ல உணவு. எள்ளுத் துவையலைக் காரம் குறைத்து அரைத்து, முட்டையோ மீனோ கூட வைத்தால் இன்னும் நல்லது. சொதியில் தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றுவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்காக மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல் ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் கணையம் செரிமான நீரைச் சுரக்கவில்லை, சாப்பிடுவதில் பெரும்பங்கு உடம்பில் ஒட்டாமல் போகிறது. அதற்குக் கணைய நொதி மாத்திரை இருக்கிறது. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், சாப்பாடு நீண்டால் நடுவிலும் ஒன்று. சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துப் போட்டால் பலன் இல்லை. கூச்சத்தால் நோயாளிகள் இதைச் சொல்வதில்லை, நெருக்கடியில் மருத்துவர்களும் கேட்க மறந்துவிடுகிறார்கள். இந்த ஒன்றைச் சரிசெய்ததாலேயே எடை நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பிஆர்சிஏ மரபணுச் சோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். அதில் பழுது இருந்தால் ஒலாபாரிப் போன்ற மருந்துக்கு வழி பிறக்கலாம். அந்தப் பழுது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்பதால், உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கும் அது தெரிய வேண்டிய செய்தி. தன்னுண்ணலைத் தடுக்கும் மருந்துக்கு இந்தியாவில் ஆய்வு நடந்தால் அது சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கும், உங்கள் மகன் அதில் யாருக்கும் காசு கொடுக்காமல் தேடிப் பார்க்கலாம். முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். வாங்கினால் அங்கே நிற்காதீர்கள்.

இனி சஷ்டி. பல வருஷமாக விடாத விரதத்தை விட்டுவிடுங்கள் என்று ஒரு வரியில் சொல்ல எனக்கு மனமில்லை. நோயுற்றவர் உடம்புக்கு ஏற்றபடி பாலும் பழமும் கஞ்சியும் உண்டு விரதம் இருப்பது நம் வழக்கத்தில் உள்ளதுதான். மேலே சொன்ன கலோரியும் புரதமும் குறையாமல், மரக்கறி உணவாக, பாலும் தயிரும் பருப்பும் சேர்த்து ஆறு நாளும் அவர் இருக்கட்டும். உணவு மாறினால் இன்சுலின் அளவும் மாறும், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருச்செந்தூருக்குச் சூரசம்ஹாரத்தன்று அழைத்துப் போக வேண்டாம். லட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் வெள்ளையணு குறைந்த ஒருவர் நிற்கக் கூடாது. ஊசி இல்லாத அந்த ஓய்வு வாரத்தில், ரத்தம் சோதித்து அணுக்கள் ஏறியிருக்கின்றன என்று தெரிந்தபின், கூட்டமில்லாத ஒரு காலையில் போய்வரட்டும். நொதி மாத்திரை, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு துண்டு கருப்புக்கட்டி, ஒரு தெர்மாமீட்டர் ஆகியவை மதினியின் கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், எந்த நேரமானாலும் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.